வீட்டுப் பராமரிப்பும் சிறுவர் கற்றலும்: வாசகர் கேள்வி–பதில்

அயலிலுள்ள பிள்ளைகளைத் தமது வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெண்களும், வேலைக்குச் செல்லும்போது பிள்ளையை அவ்வாறான வீடுகளில் விட்டுச் செல்லும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இவ்விதழில் பதிலளிக்கப்படுகிறது.

கேள்வி: என் வீட்டில் ஐந்து பிள்ளைகளைக் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை பார்த்துக்கொள்கிறேன். மிகச் சிறியவருக்கு ஒன்றரை வயது, மூத்தவருக்கு நாலரை வயது. முன்கூடத்துச் சுவர் முழுவதும் உயிரெழுத்து, ஆங்கில எழுத்து, இலக்கம், பழங்கள் ஆகியவற்றின் படங்களை ஒட்டிச் சிறு கதிரைகளை வரிசையாகப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் பத்து நிமிடம்கூட அவற்றில் இருப்பதில்லை. பெற்றோரோ கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே என்று குறைப்படுகிறார்கள். கூடத்தை எப்படி அமைத்தால் அது நல்ல கற்றல் இடமாகும்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பிள்ளைகள் எழுந்து ஓடுவது உங்கள் குறையுமன்று, அவர்களின் குறையுமன்று. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளை தொட்டும் தூக்கியும் கொட்டியும் நிரப்பியும்தான் உலகத்தை அறிகிறது. கதிரையில் இருத்தி வைக்கும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது. ஆகவே முதல் வேலையாகக் கதிரைகளை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சாப்பிடவும் மா பிசையவும் ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றி அவை இருந்தால் போதும். பாடசாலையைப் போன்ற ஓர் அறையைக் கண்டால் பெற்றோர் மனம் நிறைவார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் பாடசாலையில் கிடைக்காத பலவும் உங்கள் வீட்டில் இருக்கின்றன: குசினி, பூச்செடி, கோழிக்கூடு, வேப்பமர நிழல், மீன்காரர் வந்து குரல் கொடுக்கும் படலை. இவற்றை ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்படங்களை நம்பியிருப்பது, வீட்டு நெல்லைப் பூட்டிவைத்துவிட்டு அரிசிக்குக் கடன் கேட்பதற்கு ஒப்பாகும்.

கூடத்தை மூன்று இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுவர் எழுப்பத் தேவையில்லை. பாய் விரிக்கும் முறையாலேயே பிள்ளைகள் இடத்தைப் புரிந்துகொள்வார்கள். வாசலுக்குத் தூரமான மூலையில் ஒரு பன்பாய், இரண்டு தலையணை, நாலைந்து படப்புத்தகங்கள் இருக்கட்டும்; அழுதவரும் களைத்தவரும் தனியே இருக்க விரும்புபவரும் அங்கே ஒதுங்கலாம். பகல் முழுவதும் பலரோடு இருக்கும் சிறு பிள்ளைக்கு இத்தகைய ஒதுக்கிடம் அவசியம் என்பதைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். நடுவில் கட்டைகள், வெறும் பெட்டிகள், தகரப் பேணிகள் கொண்டு அடுக்கிக் கட்டும் இடம். குசினி வாசலுக்கு அருகில் பழைய சட்டி, அகப்பை, சிரட்டை, சுளகு, தாவணித் துண்டு ஆகியவற்றோடு வீடு கட்டி விளையாடும் இடம். ஆட்கள் நடந்துபோகும் வழி இந்த மூன்றையும் குறுக்கறுக்காதபடி பார்த்துக்கொண்டால், பாதிச் சண்டைகள் தாமாகவே குறைந்துவிடும்.

பொருள்களைப் பெரிய பெட்டியொன்றில் கொட்டி வைக்காதீர்கள். பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேற்படாத இறாக்கையொன்றில், சாய்ந்து விழாதபடி சுவரோடு பொருத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் கொடுத்து வையுங்கள். அந்த இடத்தில் அப்பொருளின் படத்தை ஒட்டினால் மூன்று வயதுப் பிள்ளையும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கப் பழகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்க வேண்டாம். பத்துப் பொருள்கள் வெளியில் இருக்க, மற்றவை அலுமாரியில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் பழைய பொருளும் புதிதாகத் தோன்றும். இத்தாலியக் கல்வியாளரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய இல்லமும் ஒரு குடியிருப்புத் தொடருக்குள்ளேதான் இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போன பின் கவனிப்பாரின்றி நின்ற பிள்ளைகளுக்காகவே அது திறக்கப்பட்டது. பூட்டிய அலுமாரியிலிருந்து ஆசிரியை எடுத்துக் கொடுக்கும் முறையை விட்டு, பிள்ளை தானே எடுக்கக்கூடிய தாழ்ந்த அலுமாரிகளை அங்கே அவர் வைத்தார். 1944 இல் அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார். இன்று அவருடைய பெயர் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் நிறையவே காணப்படுகிறது. அந்தத் தாழ்ந்த அலுமாரியைத்தான் அதிகம் காண முடிவதில்லை.

சுவர்ப்படங்களிற் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் முழந்தாளிட்டு நின்று பார்த்தால் எவை பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருக்கின்றன என்பது தெரியும். அந்த உயரத்தில் பிள்ளைகள் வரைந்தவற்றையும், ஒவ்வொருவருடைய குடும்பப் படத்தையும் வையுங்கள். பகலில் தாயை நினைத்து ஏங்கும் பிள்ளைக்கு அப்படம் பெரிய ஆறுதல்.

இவை அனைத்தையும்விடப் பெரிய கற்றல் சாதனம் உங்கள் பேச்சாகும். மதியச் சமையலுக்குக் கீரை ஆயும்போது பிள்ளைகளையும் பாயில் இருத்திக்கொள்ளுங்கள். பொன்னாங்காணியின் தண்டு எது, இலை எது என்று பிரிப்பதும், பயற்றங்காயை ஒரே நீளத்தில் முறிப்பதும், ஐந்து பேருக்கு ஐந்து பீங்கான் எடுத்து வைப்பதும் கணிதத்தின் தொடக்கமாகும். மீன் வாங்கிய அன்று திரளியையும் ஓராவையும் பக்கத்தில் வைத்து எது நீளம், எது அகலம், எதன் செதில் பெரிது என்று பார்க்கச் செய்யலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இது என்ன நிறம்? இது என்ன இலக்கம்?' என்று ஓயாமல் கேட்பது பரீட்சையாகிவிடும். பிள்ளை ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டு நிறுத்திவிடும். பிள்ளை தொடங்கியதை நீங்கள் ஒரு படி நீட்டிச் செல்லுங்கள். 'கோழி' என்று அது சொன்னால், 'ஓம், சிவப்புக் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் போகிறது. ஏன் போகிறது என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். சிறு பிள்ளைக்குச் சொல் தேடிக்கொள்ள நேரம் வேண்டும். நாம் அந்த நேரத்தைக் கொடுக்காமல் விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம். கதையும் நொடியும் தாலாட்டும் தெரிந்த பெத்தம்மா ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லுங்கள்.

இனிக் கொப்பி விடயம். மனித மணிக்கட்டில் 8 சிற்றென்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை என்பாக இறுகாத மென்மையான கசியிழையமாகவே இருக்கும். மூன்று வயதளவில் ஏறத்தாழ மூன்றில் மாத்திரமே என்பாக்கம் தொடங்கியிருக்கும். விரல்களின் நுண்தசைகளும் அப்பொழுது முதிர்ந்திருப்பதில்லை. அக்கையால் 'அ' என்ற எழுத்தின் சுழியையும் வளைவையும் கோட்டுக்குள் எழுதச் சொல்வது பிள்ளைக்கு வருத்தத்தையும் எழுத்தின் மீது வெறுப்பையுமே தரும். விசயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்குவது ஆசீர்வாதச் சடங்கு; மறுநாளிலிருந்து பக்கம் பக்கமாக எழுதுவிக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. இடியப்ப மா பிசைதல், ஈரத் துணி பிழிதல், மணலில் குச்சியால் கீறுதல், பெரிய தாளில் தடித்த கரிக்கோலால் வரைதல் ஆகிய வேலைகளே பிற்காலத்தில் பேனை பிடிக்கப்போகும் கையை உருவாக்குகின்றன. நம் நாட்டில் பிள்ளை ஐந்து வயதில் தரம் 1 இல் சேர்கிறது; எழுதக் கற்பிப்பது அங்குள்ள ஆசிரியரின் பணியாகும். கதை கேட்கத் தெரிந்த, தன் தேவையைச் சொல்லத் தெரிந்த, தானே சட்டையைப் போட்டுக்கொள்ளத் தெரிந்த பிள்ளையைத்தான் அந்த ஆசிரியர் எதிர்பார்க்கிறார். இதைப் பெற்றோருக்கு வாயால் சொல்வதோடு நில்லாமல், பிள்ளை அன்று செய்ததையும் சொன்னதையும் இரண்டு வரியில் எழுதி மாலையில் கொடுத்தனுப்புங்கள். சில வாரங்களில் கொப்பியைப் பற்றிய கேள்வி குறையும் என்றே நம்புகிறேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் எதையும் கற்பிக்க முனையாதீர்கள். ஓட்டமும் மணல் விளையாட்டும் காலை பத்து மணிக்கு முன்பு முடியட்டும். உச்சி வெயிலில் தண்ணீர், உணவு, உறக்கம் ஆகியவையே உரியவை.

கேள்வி: மூன்று வயதும் நான்கு வயதும் ஆன பிள்ளைகள் எதையாவது கட்டி அடுக்கினால், பதின்மூன்று மாதக் குழந்தை தவழ்ந்து வந்து தட்டிவிடுகிறது. பெரிய பிள்ளைகள் அதனை அடிக்கிறார்கள். வயது கலந்த பிள்ளைகளை ஒன்றாக வைத்திருப்பதே தவறா?
— வாசகி, பாண்டிருப்பு

பதில்: தவறன்று. உடன்பிறந்தார் பலரோடு வளரும் வாய்ப்புக் குறைந்துவரும் காலத்தில் இது அப்பிள்ளைகளுக்குக் கிடைத்த பேறு. சிறியவர் பெரியவரைப் பார்த்துப் பேச்சையும் நடையையும் கற்கிறார். பெரியவர் தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுக்கும்போது அதனை இன்னும் தெளிவாக அறிந்துகொள்கிறார்.

அடைக்க வேண்டியது பெரியவர்களின் வேலையை, குழந்தையை அன்று. குழந்தைக்கு எட்டாத உயரமுள்ள மேசையொன்றைப் பெரியவர்களுக்கு ஒதுக்கி, கட்டும் வேலையும் சிறு பொருள்களும் அங்கேயே இருக்க வேண்டும் என்று விதியுங்கள். குழந்தைக்குத் தட்டி விழுத்துவதற்கென்றே வெறும் பேணிகளை அடுக்கிக் கொடுங்கள். பொருள் விழுவதும் சத்தம் எழுவதும் அந்த வயதின் ஆராய்ச்சி. கத்தரிக்கோல், விதைகள், மணிகள் வேண்டும் வேலைகளைக் குழந்தை உறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கு வயதுப் பிள்ளையிடம் 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டாம். கைகழுவத் துவாய் எடுத்துக் கொடுப்பது போன்ற சிறு உதவி கேட்கலாம், காவல் உங்களுடையது.

அடிக்கும் பிள்ளையைத் திருப்பி அடிப்பதால் அடியே பழக்கமாகும். இருவருக்கும் இடையில் குனிந்து, கையைப் பிடித்து நிறுத்தி, 'நீங்கள் கட்டியது விழுந்தது, அதனால் கோபம் வந்தது, அடிக்க விடமாட்டேன், மேசையில் மீண்டும் கட்டுவோம்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். பல முறை சொல்ல வேண்டிவரும். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருவருக்கு மேல் இருந்தால், ஒருவராக எவ்வளவு அன்போடு பார்த்தாலும் சமாளிக்க முடியாது என்பது என் கருத்து. மூன்றாவது கைக்குழந்தையைக் கொண்டுவரும் தாயிடம் மறுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: மகளின் பிள்ளையோடு இன்னும் இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறேன். மூவருக்கும் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில். சோறு தீற்றும்போது போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறார்கள். கல்வி சார்ந்த காணொளிதானே, அதனால் கெடுதி உண்டா?
— மூத்தம்மா ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் வயதில் மூன்று பிள்ளைகளுக்கு உணவூட்டுவது எவ்வளவு சிரமம் என்பது எவருக்கும் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்காக வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, அதிலும் குறைவாயின் நன்று. மூன்று வேளையும் போனோடு உண்டால் அந்த அளவு காலையுணவிலும் மதியவுணவிலுமே தீர்ந்துவிடும். அதே வழிகாட்டல் இவ்வயதினருக்கு நாள்தோறும் 180 நிமிட உடலசைவையும், மூன்று நான்கு வயதினருக்குப் பகல் உறக்கம் உட்பட 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கத்தையும் சொல்கிறது.

காணொளியில் வரும் பாட்டு நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் பிள்ளை ஒரு சொல்லைச் சொன்னால் அது திருப்பிப் பதில் சொல்வதில்லை. உணவின்போது திரையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை, வாயிலிருப்பது என்னவென்றும் தெரிவதில்லை.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். மதியவுணவு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூவரையும் பாயில் வட்டமாக இருத்தி, தனித்தனிக் கோப்பையில் சிறிதளவு சோறும் பருப்பும் முள்ளெடுத்த மீனும் வைத்து, தாமே கையால் அள்ளச் செய்யுங்கள். நீங்களும் அவர்களோடு உண்ணுங்கள். பாதி சிந்தும், அதற்காகப் பழைய துணி விரித்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் குறைவாகவே உண்பார்கள். ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைவாக உண்டால் அடுத்த வேளையில் ஈடுசெய்துகொள்ளும். ஆகவே பின்னால் ஓடித் தீற்ற வேண்டியதில்லை. உங்கள் உம்மா உங்களுக்குச் சோறூட்டும்போது சொன்ன கதைகள் நினைவில் இருக்குமல்லவா? அவற்றைக் கேட்க அந்த மூன்று பேருக்கும் உங்களை விட்டால் வேறு எவர் இருக்கிறார்கள்?

கேள்வி: என் வளவில் பிள்ளைகளை விளையாடவிட விரும்புகிறேன். கிணறும் வேலியும் மரங்களும் உள்ளன. எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, திருக்கோவில்

பதில்: கிணறு முதலில். கட்டு தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள்; உயர்ந்திருந்தாலும் இரும்பு வலை மூடியிட்டுப் பூட்டுங்கள்; ஏறி நிற்கக்கூடிய கல், வாளி, குற்றி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தவழும் குழந்தை வாளியிலுள்ள சில அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடக்கூடும் என்பதால், குளித்து முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்புக்கும் அதுவே மருந்து. படலை எப்போதும் கொளுவப்பட்டிருக்க வேண்டும். வீடு கடற்கரையை அல்லது களப்பை அண்டியதாயின் இதில் ஒரு நாள்கூடத் தளர்வு வேண்டாம்.

வேலியில் மஞ்சள் அலரி நின்றால் வெட்டிவிடுங்கள். அதன் கொட்டை இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. குன்றிமணி பார்வைக்கு அழகானது, ஆனால் மென்று விழுங்கினால் உயிராபத்து. எண்ணிப் பழகுவதற்கு அதைக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஊமத்தையும் எருக்கலையும் அவ்வாறே அகற்றப்பட வேண்டியவை. மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் புளியங்கொட்டை, சோகி போன்று வாய்க்குள் அடங்கும் எதுவும் விளையாட வேண்டாம். கச்சான் கடலையும் முழு றம்புட்டானும் தொண்டையில் அடைப்பவை. மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும் விட வேண்டும். ஏணையில் குழந்தை இல்லாதபோது சேலையைக் கழற்றி வையுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகக்கூடும். நஞ்சு எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், விழுங்கிய பொருளின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இவ்வளவையும் செய்த பின் மரநிழலில் மணற்குவியல் ஒன்றும், இழுத்து விளையாடக் கமுகம் மடலும், தென்னோலைக் காற்றாடியும் இருந்தால் வேறு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் வரும் மூன்று வயது மகனின் வீட்டு மொழி சிங்களம். நான் தமிழில் பேசுகிறேன். அவன் வந்து மூன்று வாரமாகியும் வாய் திறப்பதில்லை. பெற்றோரை வீட்டிலும் தமிழ் பேசச் சொல்லலாமா?
— வாசகி, அம்பாறை

பதில்: சொல்ல வேண்டாம். பெற்றோர் தமக்கு நன்கு வரும் மொழியில் நிறையப் பேசுவதே அவனுக்கு நன்மை. புது மொழிக்குள் வரும் பிள்ளை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள், கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. தண்ணீர், பசி, நோவு, உறக்கம், மலசலகூடம், அம்மா வருவார் ஆகியவற்றுக்கான சிங்களச் சொற்களைத் தாயிடம் கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தன் சொல்லை உங்கள் வாயில் கேட்கும் பிள்ளைக்குப் பயம் தெளியும்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குச் செல்வதால் இரண்டரை வயது மகளை அயலில் ஒரு அன்ரியிடம் விடுகிறோம். அவர் அன்பாகவே பார்க்கிறார். ஆனால் மகள் தனித்தனிச் சொற்கள் ஏழெட்டு மாத்திரமே சொல்கிறாள். பராமரிப்பு இடத்தை மாற்ற வேண்டுமா?
— தந்தை ஒருவர், வாழைச்சேனை

பதில்: இடத்தை மாற்றுவதற்கு முன் பிள்ளையைக் காட்டுங்கள். இரண்டு வயது நிறைவடையும்போது பெரும்பாலான பிள்ளைகள் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். உங்கள் மகள் இரண்டரை வயதில் அந்நிலையை எட்டாததால், 'தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்' என்று உறவினர் சொல்லும் ஆறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மகள் பிறந்தபோது தரப்பட்ட குழந்தை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகள் வயதுவாரியாக உள்ளன. அதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்குச் செல்லுங்கள். முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளியும் காதுநோயும் வந்த பிள்ளைக்குக் கேள்வி மந்தமாக இருக்கலாம், பின்னாலிருந்து கூப்பிடும்போது சில நேரம் திரும்பிப் பார்ப்பதால் வீட்டார் அதைக் கவனிப்பதில்லை. தேவையாயின் குழந்தைநல வைத்திய நிபுணரிடமும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் அவர்கள் அனுப்பிவைப்பார்கள். முன்பு சொன்ன சொற்களை இப்போது இழந்திருந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் முகம் பார்க்காமலிருந்தாலோ, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமலிருந்தாலோ அதையும் மறவாமல் சொல்லுங்கள்.

அன்ரியிடம் குற்றம் சாட்டும் தொனியில் பேசாமல் உதவி கேளுங்கள். மகள் கையை நீட்டியவுடன் கொடுத்துவிடாமல், 'தண்ணீரா? தண்ணீர் வேண்டுமா?' என்று முகத்துக்கு நேரே குனிந்து சொல்லி, கண நேரம் பொறுத்துக் கொடுக்கட்டும். 'சொன்னால்தான் தருவேன்' என்று வற்புறுத்த வேண்டாம். அதனால் பிள்ளை மேலும் மௌனமாகும். பகல் முழுவதும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுமாறு கேளுங்கள், ஏனெனில் அந்த இரைச்சலுக்குள் சிறு பிள்ளைக்குச் சொல்லைப் பிரித்தறிவது கடினம். நீங்களும் மாலையில் குளிப்பாட்டும்போதும் சட்டை மாற்றும்போதும் செய்வதையெல்லாம் சிறு சிறு வசனங்களில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மகள் வீட்டில் சொல்லும் சொற்களையும் அன்ரி வீட்டில் சொல்லும் சொற்களையும் ஒரே தாளில் இருவரும் எழுதிவந்து கிளினிக்குக்குக் கொண்டுசென்றால், வைத்தியருக்கு அது பெரிதும் பயன்படும்.